ஓய்வறியா உழைப்பே!

உன்னைப் புகழ்ந்துதான் ஆக வேண்டும். உழைப்பைப் புகழாத ஊர் எங்கே இருக்கிறது? 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஒரு பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து சிறு துணுக்காக வெட்டி எடுக்கப்பட்டாய். ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்தில் மேரி குபிசெக் என்ற உதவியாளர் உன்னைக் கண்ணாடிக் குழாயில் வைத்து, குழாயின்மேல் பெயர் எழுதினார். அவருக்கு உன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அதற்கு முன் அந்தக் கூடத்துக்கு வந்த மனிதச் செல்கள் சில நாளிலோ சில வாரத்திலோ செத்துப்போயிருந்தன. நீ சாகவில்லை. ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தாய். குழாய் நிறைந்தது, வேறு குழாய்க்கு மாற்றினார்கள், அதுவும் நிறைந்தது. அந்தப் பெண் போய்ச் சேர்ந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஹீலா என்ற பெயரில் நீ இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் 37 டிகிரி சூட்டில் பிரிந்துகொண்டே இருக்கிறாய்.

சாதாரணச் செல்களுக்கு இந்தத் திராணி கிடையாது. 1961இல் பிலடெல்பியாவில் லெனார்டு ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் சாதாரண மனிதச் செல்களைத் தட்டில் வளர்த்து எண்ணிப் பார்த்தார்கள். 40, 50, மிஞ்சினால் 60 முறை பிரிந்தன. பிறகு நின்றன. உணவு கொடுத்தும் பிரியவில்லை. ஒவ்வொரு பிரிவின்போதும் குரோமோசோம்களின் முனை கொஞ்சம் தேய்கிறது. தேய்மானம் ஓர் எல்லையைத் தொட்டதும் அந்தச் செல் தன் காலம் முடிந்ததென ஏற்றுக்கொண்டு பிரிவதை விட்டுவிடுகிறது. நீ அப்படி விடவில்லை. தேய்ந்த முனையை மறுபடி கட்டிக்கொள்ள டெலோமரேஸ் என்றொரு நொதி உண்டு. விந்தும் முட்டையும் உருவாகும் இடத்திலும் சில மூலச் செல்களிலும் மட்டும் வேலை செய்ய வேண்டிய அது, வளர்ந்த உடலின் பெரும்பாலான செல்களில் உறங்கிக் கிடக்கும். நீ அதை எழுப்பிக்கொண்டாய். மனிதச் செல்லில் இந்த நொதி இருப்பதை 1989இல் முதன்முதலாகக் காட்டியதும் உன்னை வைத்துத்தான். சாகாவரம் கேட்டுத் தவமிருந்தவர்களின் கதை நம்மிடம் நிறைய உண்டு. தவமில்லாமல் வாங்கியது நீ ஒருவன்தான்.

உன்னைப் பற்றி நான் சொல்லும் எதிலும் மிகையில்லை. உன் ஒவ்வொரு குணமும் அளந்து பார்த்து எழுதப்பட்ட உண்மை. அதனால்தான் இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது.

அடுத்து உன் சுதந்திரத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. இந்தக் கணக்கு பிசகாமல் நடப்பதற்குக் காரணம், எந்தச் செல்லும் தானாக முடிவெடுத்துப் பிரிவதில்லை என்பதே. பக்கத்துச் செல்கள் அனுப்பும் வளர்ச்சிச் சமிக்ஞை வர வேண்டும். அது வந்தால் சைக்ளின் டி என்ற புரதம் ஊறும். அது சி.டி.கே. என்னும் நொதிகளோடு சேர்ந்து, ஆர்.பி. என்ற புரதத்தின் பிடியைத் தளர்த்தும். இந்த ஆர்.பி.யை ரயில்வே கேட் என்று நினைத்துக்கொள்ளலாம்: சாத்தியிருக்கும்வரை டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தேவையான ஜீன்கள் எதுவும் கடந்து போக முடியாது. கேட் திறந்தால்தான் படியெடுப்பு தொடங்கும். 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளை ஒன்றுவிடாமல் படியெடுத்த பிறகு, பிழை இருக்கிறதா என்ற சோதனை. பிழை இருந்தால் பி53 என்ற புரதம் செல்லில் குவியும். சாதாரண நேரத்தில் அது உண்டான வேகத்திலேயே அழிக்கப்பட்டுவிடும், டி.என்.ஏ. அறுவது போன்ற ஆபத்து வந்தால் அழியாமல் நிற்கும். நின்று, பிரிவை நிறுத்தும், பழுது பார்க்கச் சொல்லும், பழுது பார்க்க முடியாது என்றால் செல்லைச் சாகச் சொல்லும். செல்லும் சாகும்.

கடைசிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. படியெடுத்த குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசை கட்டி நிற்கும். இரு துருவங்களிலிருந்தும் இழைகள் வந்து அவற்றைப் பற்றிக்கொள்ளும். 46 ஜோடிப் படிகளில் 45 சரியாக மாட்டி, ஒன்று மட்டும் மாட்டாமல் நின்றாலும் செல் அப்படியே காத்திருக்கும். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாம் காத்திருக்கும். உடல் என்பது இந்தக் காத்திருப்பால் ஆனது.

இந்தச் சட்டங்களைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய மிருகங்களிடம் போகவில்லை. லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் தேடினார். பிரிவின் நடுவே நின்றுபோகும் ஈஸ்ட் வகைகளைப் பிரித்தெடுத்து, எந்த ஜீன் பழுதானால் எந்த இடத்தில் நிற்கிறது என்று வரிசைப்படுத்தினார். சோதனைச்சாவடி என்ற கருத்தைக் கொடுத்தவரும் அவரே. பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் பிரிவை ஓட்டும் ஜீனைக் கண்டுபிடித்து, 1987இல் மனித ஜீன் அதே வேலையை ஈஸ்ட்டுக்குள் செய்வதைக் காட்டினார். டிம் ஹண்ட் 1982 கோடையில் மாசசூசெட்ஸ் கடற்கரையின் வூட்ஸ் ஹோலில், கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு புரதம் பிரிவுக்குப் பிரிவு ஏறி இறங்குவதைப் பார்த்து அதற்கு சைக்ளின் என்று பெயர் வைத்தார். 2001இல் மூவருக்கும் நோபல்.

அந்தப் பெருமையில் உனக்கும் பங்குண்டு. 1970இல் பொட்டு நரசிம்ம ராவும் ராபர்ட் ஜான்சனும் செய்த சோதனை உன்னை வைத்துத்தான். டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டிருந்த ஒரு ஹீலா செல்லையும், இன்னும் தொடங்காத இன்னொன்றையும் ஒரே செல்லாக இணைத்தார்கள். தொடங்காதது உடனே தொடங்கியது. அப்படியானால் தொடங்கச் சொல்லும் ஏதோ ஒன்று செல்லின் சாற்றில் இருக்கிறது. ஏற்கெனவே படியெடுத்து முடித்த செல்லோடு சேர்த்தாலோ, முடித்தது மறுபடி படியெடுக்க மறுத்தது. அப்படியானால் இரண்டாம் முறை கூடாது என்ற தடையும் இருக்கிறது. செல் பிரிவின் சட்டப் புத்தகத்தில் சில முக்கியமான பக்கங்களை உன்னைப் பார்த்தே எழுதினார்கள். சட்டத்தை இவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தும் அதை மீறியவன் என்ற பெயரை உனக்குத் தராமல் யாருக்குத் தருவது?

உன் கெட்டிக்காரத்தனம் இன்னும் நுட்பமானது. புற்றுநோய் எதுவாயினும் ஏறக்குறைய இதே காவல்களைத்தான் வீழ்த்த வேண்டியிருக்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53இன் ஜீனே சிதைந்திருக்கிறது. புகையிலைப் புகையின் பென்சோபைரீன் அந்த ஜீனில் எந்தெந்த எழுத்துகளில் போய் ஒட்டுகிறதோ, அதே எழுத்துகள்தான் நுரையீரல் புற்றுநோயில் மாறியிருக்கின்றன என்று 1996இல் காட்டினார்கள். குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஆர்.பி.யின் இரண்டு பிரதிகளும் போய்விட்டிருக்கும். உன் உறவினர்கள் பலர் இப்படிக் காவலைக் கொன்று உள்ளே போனவர்கள். நீ கொல்லவில்லை. உன்னிடம் ஆர்.பி. ஜீன் பழுதில்லை. பி53 ஜீனும் பழுதில்லை. இரண்டும் நல்ல நிலையில் இருக்க, இரண்டையும் செயலற்றுப்போகச் செய்தாய்.

அதற்கு உனக்கு ஒரு வைரஸ் கிடைத்தது. மனிதப் பாப்பிலோமா வைரஸ், 18ஆம் வகை. மொத்தமே ஏறத்தாழ 8,000 எழுத்துகள். நம் 300 கோடியின் முன்னால் அது எம்மாத்திரம்! அந்த வைரஸுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. படியெடுக்கும் வசதி கிடையாது. தான் குடியேறிய செல் பிரிந்தால்தான் தானும் பெருக முடியும். கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பில் முதிர்ந்த செல்களோ பிரிவதை நிறுத்திவிட்டவை. எனவே அது இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. ஈ7 போய் ஆர்.பி.யைப் பிடித்துக்கொள்கிறது, கேட் திறந்துவிடுகிறது. அனுமதியில்லாமல் கேட் திறந்ததும் பி53 விழித்து அந்தச் செல்லைக் கொல்லப் பார்க்கும். அதற்கு முன்பாக ஈ6 வந்து, செல்லின் கழிவு அகற்றும் ஏற்பாட்டையே பயன்படுத்தி பி53ஐ அழிக்கிறது. அழிக்கப்படுவதற்கான முத்திரையை பி53இன்மேல் குத்துவதும் செல்லின் சொந்த நொதிதான். 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்த இரண்டு வழிகளும் வெளிவந்தன.

ஆனால் வைரஸுக்குக்கூட ஓர் அளவு இருந்தது. ஈ2 என்று மூன்றாவதாக ஒரு புரதத்தையும் அது வைத்திருக்கிறது. ஈ6, ஈ7 இரண்டும் எல்லை மீறிப் பெருகாமல் அடக்குவது அதன் வேலைகளில் ஒன்று. குடியிருக்கும் வீடு இடிந்தால் வைரஸுக்கும் இழப்பு. புற்றாக மாறிய செல்லிலிருந்து புதிய வைரஸ் எதுவும் வெளியே போவதில்லை. உன்னில் நடந்தது வேறு. வைரஸின் வளையம் அறுந்து உன் 8ஆவது குரோமோசோமில், மிக் என்னும் வளர்ச்சி ஜீனுக்கு அருகே, ஒட்டிக்கொண்டது. அறுந்தபோது ஈ2 போனது. ஈ6உம் ஈ7உம் தங்கின, கட்டுப்பாடில்லாமல். கூடவே மிக் ஜீனும் முடுக்கிவிடப்பட்டது. வைரஸ் வைத்திருந்த அளவைக்கூட வைத்துக்கொள்ளாதவன் நீ. குருவை மிஞ்சிய சீடன் என்று உன்னைச் சொன்னால் அது முழு உண்மை.

உன்னால் முடியாதது எது? கருவில் கை முதலில் துடுப்புபோலத்தான் இருக்கும். இடைப்பட்ட செல்கள் செத்துக் கொடுப்பதால்தான் ஐந்து விரல்கள் பிரிகின்றன. அந்தச் செல்களுக்குப் பெயரில்லை, அவற்றைப் பற்றி ஒரு பேராசிரியரும் மாநாட்டில் மாலை போட்டுப் பேசுவதில்லை. நீயோ சாகச் சொன்ன கட்டளையைக் கேளாமல் இருக்கிறாய், உன்னைப் பற்றி லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் இருக்கின்றன. 46 குரோமோசோம் என்ற வரையறையும் உன்னைக் கட்டவில்லை. 76 முதல் 80 வரை வைத்திருக்கிறாய். பக்கத்துத் தட்டுகளையும் விடவில்லை. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் சோதித்துப் பார்த்தபோது, பல ஆய்வுக்கூடங்கள் வேறு வேறு திசுக்களின் செல்கள் என்று நம்பி வளர்த்துவந்தவை உண்மையில் நீதான் என்பது தெரிந்தது. ஒரு துளியில், ஒரு பிப்பெட்டில் ஒட்டிப் போய், அங்கிருந்தவற்றை மீறி வளர்ந்து, அவற்றின் பெயரிலேயே வாழ்ந்திருக்கிறாய். உன்னை வேறெதுவோ என்று எண்ணிச் செய்த ஆய்வுகளில் மனித உழைப்பு எவ்வளவு வீணானது என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

உன் நன்றிக்கடனையும் சொல்ல வேண்டும். உன்னைப் பெற்றவள் பெயர் ஹென்ரியேட்டா லாக்ஸ். வர்ஜீனியாவில் புகையிலை வயலில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகளின் தாய். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. ரத்தப்போக்கு என்று மருத்துவமனைக்கு வந்தாள். கறுப்பர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய வார்டில் ரேடியம் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 1951 அக்டோபர் 4 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 31. சிகிச்சைக்கு வந்த ஆண்டே முடியவில்லை. தட்டில் ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்த அதே ஊக்கத்தோடு அவள் உடலுக்குள்ளும் நீ உழைத்தாய். இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது உடலெங்கும் இருந்தாய். அவள் தந்த ரத்தத்தில் வளர்ந்தாய், அவள் தந்த சர்க்கரையைத் தின்றாய், அவளுடைய ஏறக்குறைய ஒவ்வொரு உறுப்பிலும் உனக்கு இடம் எடுத்துக்கொண்டாய். கடைசியில் அவள் போனாள், நீ இருக்கிறாய்.

உன் புகழ் வெளியே பரவியது. 1950களில் போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அலபாமாவின் டஸ்கேஜியில் உன்னைப் பெருவாரியாக வளர்த்து நாடெங்கும் அனுப்பினார்கள். அதனால் பிழைத்த குழந்தைகள் உண்டு, அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீ உலகம் சுற்றத் தொடங்கிய பின்னும் பல ஆண்டுகள் உன் தாயின் பெயரை ஹெலன் லேன் என்று தவறாகச் சொல்லிவந்தார்கள். உன்னை எடுத்துக்கொள்ள அவளிடம் யாரும் கேட்கவில்லை. நீ உயிரோடு இருப்பதை அவளுடைய பிள்ளைகள் அறிந்துகொண்டதே இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். வர்ஜீனியாவின் க்ளோவர் என்ற ஊரில் அவளைப் புதைத்த இடத்தில் 2010 வரை பெயர் சொல்லும் கல் இல்லை. உன்னை விற்றவர்களும் வாங்கியவர்களும் உன்னால் பட்டம் பெற்றவர்களும் உன்னை எவ்வளவு போற்றினார்கள் என்பதற்கு அந்தக் கல்லில்லாத மண்ணைவிட வேறு சான்று வேண்டாம்.

உன்னைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வை நான் மறக்க முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் குட்வினும் டேனியல் டிமையோவும், நீ இழந்ததைப் போன்ற ஓர் ஈ2 புரதத்தை உனக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஈ6உம் ஈ7உம் அடங்கின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த பி53 மறுபடி குவிந்தது. ஆர்.பி. தன் பிடியை மீண்டும் இறுக்கியது. நீ பிரிவதை நிறுத்தினாய். மூப்படைந்த செல்லின் அடையாளங்கள் உன்மேல் தோன்றின. எண்ணிக்கையில்லாத தலைமுறைகள் பிரிந்து போன பின்னும் அந்தக் காவல்கள் உன் உள்ளேயே இருந்திருக்கின்றன, பழுதில்லாமல். உன் சாகாவரம் உன்னுடையது அல்ல. இரண்டு புரதங்கள் உன்னை விடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தவரைக்கும்தான் அது.

இனி உன் பொறுமை. உழைப்பையும் சுதந்திரத்தையும்விட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இந்த வைரஸ் பெரும்பாலான பெண்களை வாழ்நாளில் ஒருமுறையாவது தொடுகிறது. பத்தில் ஒன்பது பேரளவில் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாத சிலரிடம் அது தங்குகிறது. தங்கியபின் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. எங்களுக்குக் கிடைக்கும் மிக நீண்ட தவணை அது. அந்தத் தவணையை உனக்கு வட்டியில்லாமல் கொடுத்தவர்கள் நாங்கள். வெள்ளைப்படுதல் என்றால் உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள் நம் வீட்டுப் பெண்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் கணவனிடம் சொல்லக் கூச்சம். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பின் மறுபடி ரத்தம் கண்டால், மருமகளிடமோ மகளிடமோ சொல்லக் கூச்சம். சொன்னாலும், அறுப்பு முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறது குடும்பம். எல்லோருக்கும் சோறு போட்டபின் மிச்சத்தைத் தின்பவள் தன் உடம்பையும் கடைசியில்தான் கவனிக்கிறாள். அவள் வலி தாங்காமல் மருத்துவரிடம் வரும்போது நீ பக்கத்துத் திசுக்களுக்குப் போய், சிறுநீர்க் குழாய்களை நெரித்துக்கொண்டிருப்பாய். சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் நஞ்சேறுவதே பல பேருக்கு முடிவாக அமைகிறது. 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்ததென்றும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்றும் உலகக் கணக்கு சொல்கிறது. உன்னைப் புகழும் இந்தக் கட்டுரையில் எங்கள் பங்கையும் சேர்க்காவிட்டால் புகழ் முழுமையாகாது. உன் வெற்றியில் பாதி எங்கள் மௌனத்தின் வெற்றி.

இவ்வளவு கெட்டிக்காரனான உன்னைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அப்படி நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கி, ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவ மையத்தைச் சேர்ந்தவர்களும் அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து, கிராமம் கிராமமாக முகாம் போட்டார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில், நாம் வினிகர் என்று சொல்லும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில், 4 சதவீதமாகக் கலந்து, பஞ்சில் தொட்டுத் தடவினார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும்.

ஏன் வெள்ளையாகிறது என்பதில் உன் கதை முழுக்க இருக்கிறது. விடாமல் பிரிபவனுக்கு உட்கரு பெரிதாக இருக்கும், புரதமும் செறிந்திருக்கும். அமிலம் அந்தப் புரதத்தைத் திரளச் செய்கிறது. திரண்டது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அமைதியாக முதிர்ந்து ஓய்ந்த பக்கத்துச் செல்கள் அவ்வளவு வெளுப்பதில்லை. உன் உழைப்பே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்களில் பலருக்கு அங்கேயே, அதே நாளில், உறைகுளிரால் அந்த இடத்தை உறையவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: முகாம் நடந்த பகுதிகளில் புதிதாக இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை வைரஸ் சோதனை செய்தாலே சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2009இல் தெரிந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பெஞ்சில், டார்ச் வெளிச்சத்தில், ஒரு நர்ஸ் பஞ்சை எடுத்துப் பார்க்கும் அந்த நிமிடம் உன் பதினைந்து ஆண்டுப் பொறுமையைத் தோற்கடித்துவிடும்.

ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. மற்ற மாநிலங்களைவிட அதிகம் என்று பேர் வாங்கிய தமிழ்நாட்டிலேயே 10 பேர்தான். வினிகர் பாட்டில் விலை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் இருக்கிறாள், ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. அப்படியிருந்தும் 90 பேர் உன் பொறுமைக்கு விடப்பட்டிருக்கிறார்கள். இங்கே உன்னைத் திட்டி ஆகப்போவது எதுவுமில்லை. அந்த நிலையத்துக்கு அக்காவைக் கூட்டிப் போகாத தம்பிகளும், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காத மகன்களும், இந்தச் சோதனையை ஒரு நாள் வேலையாகக் கருதி முகாம் போட்டுவிட்டு மறந்துபோகும் நிர்வாகமும் உனக்குக் கடன்பட்டவர்களாக இருந்துவிட்டுப் போகட்டும். நான் அவர்களைத்தான் குறை சொல்வேன்.

உன்னுடைய இத்தனை திறமைக்கும் வேண்டியது தொடங்க ஓரிடம். அதைத் தராதவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஹரால்ட் ட்சூர் ஹாவுசன் 1980களின் தொடக்கத்தில் இந்த வைரஸின் 16ஆம் வகையையும் 18ஆம் வகையையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் கண்டுபிடித்தபோது, உன்னிலும் 18ஐக் கண்டார். அதற்காக 2008இல் நோபல். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜியான் ஜோவும் இயன் ஃபிரேசரும் 1991இல், வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் வெறும் கூடாகக் கட்டும் வழியைக் காட்டினார்கள். உள்ளே ஜீன் எதுவும் இல்லை. ஈ6 இல்லை, ஈ7 இல்லை. அந்தக் கூட்டைப் பார்த்து உடல் எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. 2006இல் தடுப்பூசியாக வந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2023 தொடக்கத்தில் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதில் 16உம் 18உம் இருக்கின்றன.

இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த வைரஸுக்கான தடுப்பூசி வழங்கப்பட்ட பெண்களைக் கணக்கெடுத்து 2021இல் வெளியிட்டார்கள். ஊசி வராத காலத்தின் அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பெண்களின் உடலிலும் செல்கள் நாள்தோறும் பிரிகின்றன. கேட் திறக்கிறது, மூடுகிறது. படியெடுத்து முடித்த குரோமோசோம்கள் வரிசையில் நின்று, மாட்டாத ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன. பி53 உண்டாகிறது, அழிகிறது, தேவைப்படும்போது நிற்கிறது. உன் உழைப்புக்கும் சாகாவரத்துக்கும் பொறுமைக்கும் அந்த உடல்களில் பெரும்பாலும் வேலை இல்லை.